ஜென்னில் உபதேசமே கிடையாதா?

கேள்வி இதுதான்: "வீட்டில் அப்பா, பள்ளியில் வாத்தியார், சர்ச்சில் பிரசங்கம், கோயிலில் சொற்பொழிவு என்று எங்கே போனாலும் புத்திமதி. ஜென்னில் மட்டும் 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்ற பேச்சே இல்லை என்கிறார்கள். உண்மையா? மற்ற மதங்களுக்கும் ஜென்னுக்கும் இந்த விஷயத்தில் என்னதான் வித்தியாசம்?"

பல வருடமாக ஜாஜென் என்ற ஜென் தியானத்தில் உட்காருகிறவன், முடிந்தவரை படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஜென்னில் அறநெறி உண்டு, உபதேசமும் உண்டு. சில விஷயங்களில் மற்ற மதங்களைவிடக் கறாராகவே உண்டு. யார் யாருக்குச் சொல்வது என்பதில்தான் வித்தியாசம். அந்த வித்தியாசம் அழகானது. அதற்கு ஜென் கொடுத்த விலையும் பெரியது. இரண்டையும் சொல்லாவிட்டால் பதில் பாதிதான்.

ஜென்னில் நீதி போதனை இல்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். இருபதாம் நூற்றாண்டில் டி.டி. சுசுகி போன்றவர்கள் எழுதியதன் வழியாக ஜென் ஆங்கிலம் படிக்கிற உலகத்துக்குப் போனது. அங்கிருந்துதான் நமக்கும் வந்தது. வந்தவை பெரும்பாலும் கதைகள். குரு தடியால் அடிக்கிறார், சீடன் ஞானம் பெறுகிறான். சீன ஜென் குரு லின்ஜி "புத்தரைக் கண்டால் புத்தரைக் கொல்" என்கிறார். இன்னொரு சீனக் குரு ஹுய்நெங் "நல்லதை நினையாமல், கெட்டதையும் நினையாமல் இருக்கிற இந்தக் கணத்தில் உன் ஆதி முகம் எது?" என்று கேட்கிறார். இவற்றை மட்டும் படித்தால் நன்மை தீமை எல்லாம் கடந்தவர்கள் போலிருக்கிறதே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்தக் கதைகளை முதலில் கேட்டவர்கள் ஏற்கெனவே தலையை மழித்து, நூற்றுக்கணக்கான விநய விதிகளை, அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதிகளை, ஏற்று, மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் படுத்தவர்கள். கொல்லாமை, கள்ளாமை எல்லாம் அவர்களுக்குத் தரை மாதிரி. தரையைப் பற்றி யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். தரை இல்லாத இடத்துக்கு அந்தப் பேச்சு மட்டும் போய்ச் சேர்ந்ததுதான் குழப்பம்.

ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். தாங் காலத்துப் பெரிய சீனக் கவிஞர் பாய் ஜூயி 822-ல் ஹாங்ஜோவுக்கு ஆளுநராகப் போனார். அந்தப் பக்கத்தில் தாவ்லின் என்று ஒரு துறவி பைன் மரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பாராம். பறவைக்கூட்டுக் குரு என்று அவருக்குப் பெயர். ஆளுநர் கீழே நின்று, "சுவாமி, நீங்கள் இருக்கிற இடம் ரொம்ப ஆபத்து" என்றார். "நீ இருக்கிற இடம் இன்னும் ஆபத்து" என்று மேலேயிருந்து பதில். அப்புறம் பாய் ஜூயி கேட்டார்: "புத்த தர்மத்தின் சாரம் என்ன?" தாவ்லின் சொன்னார்: "தீயது எதுவும் செய்யாதே. நல்லது அனைத்தும் செய்." ஆளுநருக்கு ஏமாற்றம். "இதை மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லுமே!" தாவ்லின்: "மூன்று வயதுக் குழந்தை சொல்லும். எண்பது வயதுக் கிழவனாலும் செய்ய முடிவதில்லை."

"சொல்லுதல் யார்க்கும் எளிய" என்ற குறள் உங்களுக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒரு ஜென் குருவிடம் போய் 'சாரம் என்ன' என்று கேட்டால் கிடைத்தது மிகச் சாதாரணமான நீதி வாக்கியம். புத்தரின் வாக்குகளைத் தொகுத்த தம்மபதம் என்ற பழைய நூலின் 183-ஆவது பாட்டு அது. 1240-ல் ஜப்பானிய ஜென் குரு டோகென் இந்த ஒரு வரியை எடுத்து ஒரு முழுப் பேருரையே செய்தார். சீன மொழியில் அது ஏவல்: தீமை செய்யாதே. டோகென் சொன்னது, ஆரம்பத்தில் அது "செய்யாதே" என்ற கட்டளையாகத்தான் காதில் விழும். பயிற்சி ஊறிப்போன பிறகு அதே வார்த்தைகள் "செய்யாமை" என்று கேட்கும். தீமை செய்யக்கூடாது என்று ஒருவன் தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்வது முதல் நிலை. தீமை அங்கே செய்யப்படாமலே போவது அடுத்த நிலை.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வள்ளுவர் அதிகாரங்களுக்கு உள்ள பெயர்களைப் பாருங்கள்: கொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை, புறங்கூறாமை. கொல்லாதே, திருடாதே என்று இல்லை. எதிரே நிற்பவனை நோக்கி நீட்டிய விரல் அந்தத் தலைப்புகளில் கிடையாது. ஒரு மனிதனிடம் இருக்கக்கூடிய ஒரு நிலையைத்தான் அவை காட்டுகின்றன. தம்மபதத்தின் பாலி மூலத்திலும் அந்தச் சொல் 'அகரணம்'தான், செய்யாமை. சீனத்துக்குப் போகும்போது அது கட்டளையாக மாறியது. டோகென் அந்தக் கட்டளையைத் திரும்பவும் செய்யாமையாகப் படித்தார். எனக்கு ஜென் அறநெறி முதன்முதலில் புரிந்தது இந்த இடத்தில்தான்.

சரி, கட்டளை இல்லை என்றால் ஒரு ஜென் மடத்தில் என்னதான் நடக்கிறது?

உள்ளே நுழைகிற இடத்திலேயே உபதேசம் ஆரம்பித்துவிடும். ஜப்பானிய ஜென் கோயில்களில் செருப்புக் கழற்றும் இடத்தில் நான்கு எழுத்துள்ள ஒரு சிறு பலகை இருக்கும். "காலடியைக் கவனி" என்று பொருள். தத்துவமாக எவ்வளவு வேண்டுமானாலும் விரிக்கலாம். நடைமுறையில் 'செருப்பைக் கோணல்மாணலாக விடாதே' என்பதுதான். நான் முதன்முறை ஒரு பயிற்சி முகாமுக்குப் போனபோது நேரமாகிவிட்டது. செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால், என் செருப்பு இரண்டும் ஜோடியாக, நான் காலை நுழைத்துக்கொண்டு நேராக நடந்து போகிற மாதிரி வாசல் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை என்னால் செருப்பை உதற முடிந்ததில்லை. வீட்டில் அம்மா இருபது வருடம் சொல்லியும் நடக்காத காரியம் அது.

உள்ளே தியான மண்டபத்துக்கு வெளியே கனமான மரப்பலகை ஒன்று கயிற்றில் தொங்கும். உட்காரும் நேரம் வந்ததும் மரச் சுத்தியலால் அதைத் தட்டுவார்கள். பலகையில் மையால் எழுதியிருக்கும்: பிறப்பும் இறப்பும் பெரிய காரியம், நிலையாமை விரைந்து வருகிறது, ஒவ்வொருவரும் விழித்துக்கொள்ளுங்கள், பொழுதை வீணாக்காதீர்கள். இது பச்சையான பிரசங்கம். இதைவிட நேரடியாக எந்தப் பாதிரியாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒருவர் மேடையேறிச் சொல்வதில்லை. மரம் தட்டும் ஓசையாக வருகிறது. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் அடித்து அடித்துப் பழைய பலகைகளின் நடுவில் கிண்ணம் மாதிரி குழி விழுந்திருக்கும். சிலவற்றில் அந்தக் குழி எழுத்தையே தின்றிருக்கும்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து சிந்தனைகள் ஓதுவார்கள். இந்த உணவு வந்த வழியையும் அதற்கான உழைப்பையும் எண்ணுகிறேன், இதைப் பெற என் நடத்தைக்குத் தகுதி உண்டா என்று எண்ணுகிறேன் என்று போகும். டோகென் பல் துலக்குவதற்கும் முகம் கழுவுவதற்கும் கழிவறை போவதற்கும்கூட விதி எழுதியவர். பழைய சீனக் குரு பாய்சாங் எண்பது வயதை நெருங்கியும் வயலில் வேலை செய்தார். சீடர்கள் இரக்கப்பட்டு அவருடைய கருவிகளை ஒளித்து வைத்தபோது சாப்பிட மறுத்துவிட்டார். "ஒரு நாள் வேலை இல்லையென்றால் ஒரு நாள் சோறு இல்லை" என்ற அவருடைய வாக்கு இன்றும் மடங்களில் வழங்குகிறது. நியமம் இல்லாத சுதந்திரம் தேடி ஜென் மடத்துக்குப் போகிறவர் மூன்றாம் நாளே மூட்டையைக் கட்டிவிடுவார்.

இந்த உபதேசங்களிலெல்லாம் எழுவாயைக் கவனியுங்கள். ஓதும் வரிகள் எல்லாம் தன்மையில் இருக்கின்றன. ஜப்பானிய ஜென்னின் ஒரு பெரிய பிரிவான சோட்டோ மரபில் சீலம், அதாவது ஒழுக்க விரதம், ஏற்கும்போது முதலில் ஓதுவது மன்னிப்புப் பாட்டு: நான் ஆதியிலிருந்து செய்த தீவினை அனைத்தும், ஆசையிலும் வெறுப்பிலும் அறியாமையிலும் பிறந்து, என் உடலாலும் வாயாலும் மனத்தாலும் நடந்தவை, அவற்றை இப்போது ஒப்புக்கொள்கிறேன். 'நீ பாவி' என்று யாரும் சொல்வதில்லை. 'நான் செய்தேன்' என்று ஒவ்வொருவரும் தானே சொல்கிறார்.

அந்தச் சீலங்கள் மொத்தம் பதினாறு. அவற்றில் பத்து பெரிய விலக்குகள். கொலை, களவு, தகாத காமம், பொய், மது என்று முதல் ஐந்தும் நமக்குத் தெரிந்தவை. ஆறாவது, பிறர் குற்றத்தைப் பேசாமை. ஏழாவது, தன்னை உயர்த்திப் பிறரைத் தாழ்த்தாமை. அதாவது நாம் சாதாரணமாக நீதி போதனை என்று செய்கிற காரியத்தில் பாதியை ஜென் கொலை, களவு இருக்கும் அதே பட்டியலில் வைத்துத் தடுத்திருக்கிறது. ஹுய்நெங்கின் பெயரில் உள்ள சூத்திரத்தில் இதே பொருளில் ஒரு வரி உண்டு: உண்மையாக வழியில் நடப்பவன் உலகின் குற்றத்தைக் காண்பதில்லை. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இந்த விலக்கு வாழ்க்கையில் எப்படி இருக்கும் என்பதற்கு ரியோகானைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1758-ல் பிறந்து 1831-ல் மறைந்தவர். இன்றைய நீகாடா பகுதிக்காரர். ஊர்த்தலைவர் வீட்டு மூத்த பிள்ளை. அந்தப் பொறுப்பைத் தம்பிக்கு விட்டுவிட்டுத் துறவியாகி, மலையில் ஒரு குடிசையில் இருந்தார். பிச்சைக்குப் போகிற வழியில் குழந்தைகளோடு பந்து விளையாடுவார். தம்பி மகன் உமானோசுகே குடியும் கூத்துமாகக் கெட்டுப்போயிருந்தான். தம்பி வீட்டார் அவரைக் கூப்பிட்டார்கள். "நீங்கள் பெரியப்பா, அதுவும் துறவி. நீங்கள் சொன்னால் கேட்பான், நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள்" என்று.

ரியோகான் வந்தார், தங்கினார், சாப்பிட்டார், தூங்கினார். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டாருக்கு நிச்சயம் எரிச்சலாக இருந்திருக்கும். வந்த காரியத்தைச் சொல்லாமலே கிளம்புகிறாரே! புறப்படும்போது வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு, "உமானோசுகே, இந்தச் செருப்பு வாரைக் கொஞ்சம் கட்டிவிடேன்" என்றார். வைக்கோல் செருப்பு. வயசான கை. பையன் காலடியில் குனிந்து கட்டிக்கொண்டிருந்தான். கழுத்தில் ஏதோ சொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் பெரியப்பாவின் கண் நிறைந்திருந்தது. ரியோகான் எழுந்து போய்விட்டார். அந்தப் பிள்ளை திருந்தினான் என்று கதை முடியும்.

திருந்தியதைவிட முன்னால் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அறிவுரை சொல்கிறவர் எப்போதும் ஒரு படி மேலே நிற்பார். ரியோகானும் படிமேல்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் உதவி கேட்கிறவராக. பையனிடம் குறை இருப்பதாக ஒரு வார்த்தையில்லை. தன் கை நடுங்குவதைத்தான் காட்டினார். அந்தக் கண்ணீர் ஒரு உத்தி அல்ல. உத்தியாக இருந்திருந்தால் பதினெட்டு, இருபது வயதுப் பையன் உடனே கண்டுபிடித்திருப்பான். அந்த வயதுப் பிள்ளைகளிடம் நடிக்க முடியாது. இதே ரியோகான், பேச்சில் தவிர்க்க வேண்டியவை என்று நீளமான பட்டியல் எழுதி வைத்திருந்தார். அதில் 'ஞான வாடை அடிக்கும் பேச்சு', 'பண்டித வாடை அடிக்கும் பேச்சு' என்ற இரண்டும் உண்டு.

ரியோகான் மௌனி. ஆனால் ஜென்னில் கூட்டம் கூட்டிப் பேசியவர்களும் இருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பான்கேய் பேசினால் விவசாயி, வியாபாரி, சாமுராய், பெண்கள், வேறு மரபுத் துறவிகள் எல்லோரும் வந்து உட்கார்வார்கள். பண்டிதச் சீனத்தை விட்டுவிட்டுப் பேச்சு ஜப்பானிய மொழியில் பேசினார். ஒரு துறவி எழுந்து, "எனக்குப் பிறவியிலேயே முன்கோபம். எவ்வளவோ முயற்சி செய்தும் போகவில்லை" என்றார். கோபத்தின் கேடுகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். பான்கேய் கேட்டது: "அடடா, சுவாரசியமான சொத்தோடு பிறந்திருக்கிறாயே! இப்போது இருக்கிறதா? எடுத்துக் காட்டு பார்ப்போம்." "இப்போது இல்லை. ஏதாவது நடந்தால் திடீரென்று வரும்." "அப்படியானால் கூடப் பிறந்தது இல்லையே. ஏதோ நடக்கும்போது உன் பக்கம் விடாமல் பிடித்துக்கொள்கிறாய், அப்போது நீயே உண்டாக்குகிறாய். உண்டாக்கிவிட்டு அப்பா அம்மா கொடுத்தது என்று அவர்கள்மேல் பழி போடலாமா?" இதுவும் உபதேசம்தான், கொஞ்சம் கண்டிப்பும் இருக்கிறது. ஆனால் கோபம் தவறு என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. அதை எடுத்துப் பார்க்க வைத்தார்.

இப்போது மற்ற மதங்களுக்கு வருகிறேன். உபதேசம் செய்வதால் அவை ஜென்னுக்குக் கீழே என்ற தொனி உங்கள் கேள்வியில் லேசாக இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகளில் அறம் என்பது இறைவன் மனிதனிடம் கேட்கிற ஒன்று. கேட்டதை எடுத்துச் சொல்ல ஒரு தூதர் வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் கடமை தவறியவர். வெள்ளிக்கிழமை குத்பாவும் ஞாயிறு பிரசங்கமும் அந்தக் கடமையிலிருந்து வருகின்றன. நன்மையை ஏவுவதும் தீமையைத் தடுப்பதும் குர்ஆன் விதித்த பொறுப்பு. ஜென்னில் அப்படிக் கேட்கிற ஓர் ஆள் இல்லை. அதனால் தூதரும் இல்லை. கர்மம் யாருடைய சட்டமும் அல்ல, நெருப்பு சுடுகிற மாதிரி ஒரு நடைமுறை. நெருப்பின் சார்பாகப் பேச ஆள் தேவையில்லை. தூரத்திலிருந்து கைகாட்டத்தான் ஆள் வேண்டும்.

ஆனால் ஊருக்கு உபதேசம் செய்கிறவனைப் பற்றிய எச்சரிக்கை எல்லா இடத்திலும் இருக்கிறது. சகோதரன் கண்ணில் இருக்கிற துரும்பைப் பார்ப்பவனே, உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை உணராமல் இருக்கிறதென்ன என்று இயேசு கேட்டார். புறம் பேசுவது செத்துப்போன சகோதரனின் மாமிசத்தைத் தின்பது போல என்கிறது குர்ஆன். ஜென்னின் ஆறாவது சீலத்தைவிட இந்த உவமை பல மடங்கு கூர்மை. அயலானைக் கடிந்துகொள் என்று யூத வேதம் கட்டளையிடுகிறது. அதற்கு உரை சொன்ன ரப்பிகளோ, இந்தத் தலைமுறையில் கடிந்துகொள்ளத் தகுதியுள்ளவர் யார், அதைக் கேட்டுக்கொள்ளத் தெரிந்தவர்தான் யார் என்று வாதாடினார்கள். தேரவாத பௌத்தத்தில் இலங்கையில் போயா என்ற பௌர்ணமி நாளில் வெள்ளை உடுத்தி உட்கார்ந்து 'பண' என்ற பௌத்தப் பிரசங்கம் கேட்பது கண்கூடு. அங்கே உபதேசம் ஒரு கலை. ஆனால் மரியாதையில்லாமல் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குப் போதிக்காதே என்று பிக்குகளுக்கு விநயத்தில் விதியும் இருக்கிறது.

ஜென்னுக்கும் மற்றவற்றுக்கும் இடையில் பலர் நினைக்கிற மாதிரி பெரிய மதில் எதுவும் இல்லை. கொடைக்கானல் போகிற வழியில் பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்று ஒரு ஜென் மையம் இருக்கிறது. 1996-ல் அதைத் தொடங்கியவர் ஜப்பானில் யமாதா கோவுன் என்ற குருவிடம் பயின்ற ஒரு தமிழ் இயேசு சபைக் குரு. கத்தோலிக்கத் துறவியாக இருந்துகொண்டே ஜென் கற்பித்தவர். ஹகுயின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய ஜென்னின் இன்னொரு பிரிவான ரின்சாய் ஜென்னைத் தூக்கி நிறுத்தியவர் அவர். சின்னப் பையனாக இருந்தபோது, நிச்சிரென் மரபுத் துறவி ஒருவர் கொதிக்கும் நரகங்களை வர்ணித்துச் செய்த பிரசங்கத்தைக் கேட்டார். கொஞ்ச நாள் கழித்து அம்மாவோடு குளிக்கப் போனார். தொட்டிக்கு அடியில் விறகு எரிகிற சத்தமும் தண்ணீர் தளதளக்கிற சத்தமும் கேட்டதும் நரகம் ஞாபகம் வந்து ஊரே கேட்கும்படி அலறினார். அந்தப் பயம்தான் அவரைத் துறவுக்குத் தள்ளியது. பயமுறுத்தும் பிரசங்கத்தால் ஒன்றும் நல்லது வராது என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். சீனாவில் அப்பாவுக்கு அடங்கு, அரசனுக்கு விசுவாசமாயிரு, மூத்தவரை மதி என்று சொல்லிக்கொடுக்கிற வேலையைக் கன்பூசியம் எடுத்துக்கொண்டிருந்தது. ஜென் அதைச் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஊர் நீதியைக் கன்பூசியம் பார்த்துக்கொள்ளும், நாம் மனத்தின் மூலத்தைப் பார்ப்போம் என்று வேலை பிரிந்துபோனது. ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஷோகன் என்ற படைத்தலைவரின் அரசு உத்தரவு போட்ட பிறகு, ஜென் துறவி ஊர்ப் பூசாரி ஆனார். இறுதிச் சடங்கு, திதி, அதோடு புத்திமதி. சுசுகி ஷோசான் என்ற சாமுராய்த் துறவி உழவர் உழுவதையும் வியாபாரி விற்பதையும் நேர்மையாகச் செய்தால் அதுவே புத்த வழி என்று ஊர் ஊராகப் போதித்தார். 1890-ல் சோட்டோ மரபு இல்லறத்தாருக்காக டோகென் எழுத்துகளிலிருந்து தொகுத்த சிறு நூலில் தியானத்துக்குப் பெரிய இடமே இல்லை. மன்னிப்பு, சீலம், நன்றி, இவைதான். ஜப்பானில் ஜென் கோயிலைச் சேர்ந்த பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிந்த ஜென் இந்த நீதி ஜென்தான்.

இங்கேதான் அந்த விலை.

ஊர் நீதியை அரசும் வழக்கமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அரசும் வழக்கமும் கெட்டுப்போகும்போது யார் கேட்பது? நீ ஏழையாகப் பிறந்தது போன பிறவியின் வினை என்று கோயில்களில் போதித்தார்கள். ஒடுக்கப்பட்ட புராகுமின் மக்கள் செத்த பிறகும் அவர்களை அடையாளம் காட்டிக் கொடுக்கிற இழிவான பெயர்களைக் கல்லறைக் கல்லில் பொறித்தார்கள். சோட்டோ கோயில்களிலும் இது நடந்தது. உபதேசமே செய்யாத மதம் என்று நாம் கொண்டாடுகிற மரபு, உபதேசத்திலேயே கொடியதைச் செய்திருக்கிறது. மெலிந்தவனைப் பார்த்து 'உன் தப்பு' என்றது.

இதை எதிர்த்தவர் ஒருவர் இருந்தார். ஹகோனே மலையில் சிறு கோயில் ஒன்றில் சோட்டோ துறவியாக இருந்த உச்சியாமா குடோ. குத்தகை விவசாயிகளைப் பார்த்து, நீங்கள் ஏன் ஏழையாக இருக்கிறீர்கள், முற்பிறவிப் பாவம் என்கிறார்களே, அது மூடநம்பிக்கை என்று எழுதினார். கோயிலுக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்த இயந்திரத்தில் அச்சடித்தார். அரசர் தெய்வம் அல்ல என்றும் எழுதினார். கைது செய்தார்கள். 1910-ல் சோட்டோ தலைமை அவரைத் துறவிப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1911 ஜனவரி 24-ஆம் தேதி, ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்ற மற்றவர்களோடு தூக்கிலிட்டார்கள். அப்புறம் வந்த யுத்த வருடங்களில் பெயர்பெற்ற குருமார்கள் பலர் 'நான்' என்பது இல்லை என்ற போதனையையே எடுத்து, அரசருக்காக எதையும் யோசிக்காமல் சாகவும் கொல்லவும் சிப்பாயைத் தயார் செய்தார்கள். உலகின் குற்றத்தைக் காண்பதில்லை என்ற ஹுய்நெங்கின் வரி, தம்பி மகன் முன்னால் கண்ணீராக இருந்தது. படையின் முன்னால் குருடாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் மற்ற மதங்களைப் பார்த்து எனக்கு ஏக்கம் வரும். தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் போனார். ஒரு பணக்காரன் தன் மந்தையை விட்டுவிட்டு, ஏழை ஒருவன் மகளைப் போல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்த கதையைச் சொன்னார். ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. இதைச் செய்தவன் சாகவேண்டும் என்றான். அதுவரை நாத்தான் செய்தது பான்கேய் செய்ததுதான். கேட்பவனையே பார்க்க வைத்தார். ஆனால் நாத்தான் அங்கே நிற்கவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்றார்.

இதோடு காஞ்சிபுரத்தோடு நாம் சேர்த்துப் பேசுகிற போதிதர்மரின் கதையை வைத்துப் பாருங்கள். லியாங் பேரரசர் வூ, விகாரைகள் கட்டினேன், துறவிகளை ஆதரித்தேன், எனக்கு என்ன புண்ணியம் என்று கேட்டார். "ஒரு புண்ணியமும் இல்லை." என் முன்னால் நிற்கிற நீ யார் என்றதற்கு, "தெரியாது." சந்திப்பு வரலாற்றில் நடந்ததா என்பதே சந்தேகம். ஆனால் ஜென் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத் தேர்ந்தெடுத்த முதல் கதை இது. எவ்வளவு பெரிய கதை! பேரரசனின் அகந்தையை ஒரே சொல்லில் உடைக்கிறது. ஆனாலும் அந்த விகாரைகளைக் கட்ட யாரிடம் வரி வாங்கினாய் என்று போதிதர்மர் கேட்கவில்லை. ஜென் கதைகளில் அந்தக் கேள்வியை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

ஜென் இதை உணரவே இல்லை என்று சொன்னால் அநியாயம். ஞானி காரண காரியத்துக்குள் விழுவதில்லை என்று ஒரே ஒரு தவறான பதில் சொன்ன குரு, ஐந்நூறு பிறவி நரியாகப் பிறந்த கதை பழைய கோவான்களில், அதாவது தியானத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஜென் புதிர்க்கதைகளில், ஒன்று. பாய்சாங் அவருக்குச் சொன்ன சரியான பதில்: ஞானி காரண காரியத்தை மறைப்பதில்லை. ஞானம் வந்துவிட்டால் அறம் தேவையில்லை என்று நினைக்கிறவனுக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே எழுதி வைத்த எச்சரிக்கை அது. வியட்நாம் போர் நடுவே அந்த நாட்டு ஜென் குரு திக் நாட் ஹான் 1966-ல் தன் புதிய சங்கத்தில் முதல் ஆறு பேருக்குக் கொடுத்த பதினான்கு சீலங்களில், அநீதியைக் கண்டால் தனக்கு ஆபத்து வந்தாலும் வாய் திறக்க வேண்டும் என்று எழுதினார். அதே பட்டியலில் முதல் சீலம், எந்தக் கோட்பாட்டையும், புத்தரின் கோட்பாட்டைக்கூட, கட்டிப்பிடித்துக்கொள்ளாதே என்பது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று அவர் காட்டினார். சோட்டோ மரபு தன் யுத்தகால நடத்தைக்கு 1992-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. உச்சியாமா குடோவின் பெயரை 1993-ல் திரும்பச் சேர்த்தது. தூக்கிலிட்டு எண்பத்திரண்டு வருடம் கழித்து.

உங்கள் கேள்விக்குப் பின்னால், புத்திமதியே இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்தால் தேவலை என்ற ஆசை தெரிகிறது. அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் போனேன். போங்கள், உட்காருங்கள், செருப்பை யாராவது திருப்பி வைத்தால் அனுபவியுங்கள். ஆனால் எந்த மையமானாலும் சேருவதற்கு முன்னால் ஒரு விஷயம் விசாரியுங்கள். 1980-களில் அமெரிக்காவின் சில ஜென் மையங்களில் குருமார்கள் சிஷ்யைகளிடம் நடந்துகொண்ட விதம் வெளியே வந்தது. 'குரு நன்மை தீமை கடந்தவர்', 'பிறர் குற்றம் பேசாதே' என்ற இரண்டு வாக்கியங்களையும் சொல்லி வருடக்கணக்கில் வாயை அடைத்திருந்தார்கள். அப்புறம்தான் பல மையங்கள் ஆசிரியருக்கான நடத்தை விதிகளை எழுதின, புகார் கேட்கத் தனியாக ஆட்களை வைத்தன. நீங்கள் போகிற இடத்தில் அப்படி எழுதி வைத்திருக்கிறார்களா, குரு தப்பு செய்தால் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று கேளுங்கள். கேட்டதும் அங்கிருப்பவர்களின் முகம் எப்படி மாறுகிறது என்றும் பாருங்கள்.